கானாடுகாத்தான் பக்கம் ஒரு திருச்சபைப் பட்டறை: 1,500 ரூபாய்க்குத் தகுமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து வாட்ஸ்அப்பில் எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போகலாம். சாப்பாட்டிலேயே பாதிப் பணம் கழிந்துவிடும், வரலாறு சொன்ன வகுப்பில் மீதிப் பணம் கழிந்துவிடும். சனிக்கிழமை சாயங்கால வகுப்புக்கு மட்டும் அவர்கள்தான் நமக்குக் காசு தர வேண்டும், அதை அப்புறம் சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஒரு பழைய நகரத்தார் வீட்டை வாடகைக்கு எடுத்து, வெள்ளி சாயங்காலம் தொடங்கி சனி இரவு வரை நடத்துகிற பட்டறை இது. தன்பாலீர்ப்பு உள்ளவருக்குக் குருப்பட்டம் (சபைப் போதகரான ஆயராகும் பட்டம்) கொடுக்கலாமா கூடாதா என்று உலகத்துத் திருச்சபைகள் உடைந்துகொண்டிருக்கின்றனவே, அதுதான் பொருள். நம் மேடைகளில் இதைப் பேசுகிறவர்கள் ஒன்று கத்துவார்கள், இல்லாவிட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். உட்கார்ந்து நிதானமாகக் கேட்க ஓர் இடம் என்றதும் பேர் கொடுத்துவிட்டேன். நடத்துகிறவர்கள் யாரென்று எழுதப்போவதில்லை. சின்னக் குழு, நான் குறையும் சொல்லப்போகிறேன், பிழைத்துப் போகட்டும்.

வீட்டைப் பற்றிக் குறையே இல்லை. முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள், உள்ளே வளவைச் சுற்றி அறைகள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெறுங்காலுக்கு அப்படிக் குளிர்ச்சி. நிலைக்கதவுக்கு மேலே கஜலட்சுமி இருக்கிறாள். அவளுக்குக் கீழே ஏற்பாட்டாளர்கள் வசன பேனர் கட்டப்போக, வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன், "சாமியெல்லாம் ஒண்ணும் சொல்லாது, ஆனா ஆணி மட்டும் அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். பேனர் கடைசியில் இரண்டு நாற்காலிகளின் முதுகில் தொங்கியது. உயரமான கூரை, அதனால் மைக்கில் பேசினால் ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை கேட்கும். பின்வரிசையில் உட்காராதீர்கள்.

வந்திருந்தவர்கள் கலவையான கூட்டம். நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரக் கமிட்டிக்காரர்கள், அதாவது ஊர்ச் சபை நிர்வாகிகள், பட்டுக்கோட்டைப் பக்கத்து லுத்தரன்கள், சிவகங்கை மறைமாவட்டத்திலிருந்து கத்தோலிக்க வேதியர்கள் (உபதேசியார்கள்) இரண்டொருவர், யாரோ இழுத்துக்கொண்டு வந்த பெந்தெகொஸ்தே தம்பிகள்.

வெள்ளி இரவு வகுப்பு வரலாறு. எடுத்தவர் மதுரையில் இறையியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பவர்பாயிண்ட் கிடையாது, கையில் ஒரு பழைய டைரி. முதலில் அவர் தொட்டது, இந்தச் சண்டை நமக்கு ஏன் என்கிற கேள்வியை. 1947 செப்டம்பர் 27 அன்று சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று எல்லாப் பக்கத்து ரத்தமும் கலந்துதான் உருவானது. இன்றைக்கும் ஆங்கிலிக்கன் கூட்டுறவில் நமக்கு இடம் உண்டு, மெதடிஸ்டு உலக அமைப்பில் உண்டு, சீர்திருத்த சபைகளின் அமைப்பிலும் உண்டு. பங்காளி வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி, அங்கே எவன் கோர்ட்டுக்குப் போனாலும் நம் பேருக்கும் நோட்டீஸ் வரும்.

பிறகு, உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடுகிற லாம்பெத் மாநாட்டுக்கு, 1998-க்கு வந்தார். ஆங்கிலிக்கன் பேராயர்கள் 526 பேர் ஆதரித்து, 70 பேர் எதிர்த்து, 45 பேர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நிறைவேற்றிய 1.10 தீர்மானம். தன்பாலின உறவு வேதத்துக்கு ஒவ்வாதது, அப்படிப்பட்ட இணைவாழ்வில் இருப்பவர்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதைச் சிபாரிசு செய்ய முடியாது என்பது அதில் இருக்கிறது. நமக்குக் கொடுத்த கையேட்டில் இவ்வளவுதான் அச்சிட்டிருந்தார்கள். பெரியவர் டைரியைப் புரட்டி மீதியையும் சொன்னார். இவர்களும் தேவனால் நேசிக்கப்படுகிறவர்கள், சரீரத்தின் முழு அவயவங்கள், இவர்களுடைய அனுபவத்தைக் கேட்க நாங்கள் கடமைப்படுகிறோம் என்று அதே தீர்மானம் சொல்கிறது. 526 பேர் கையைத் தூக்கியது இரண்டுக்கும் சேர்த்துத்தான். கையேட்டை அச்சடித்தவர்களுக்குத் தடை சொல்லும் பாதி மட்டும் எப்படிக் கிடைத்தது என்று தேநீர் வேளையில் கேட்டேன், "பக்கம் பத்தலை அக்கா" என்றார் ஒரு தம்பி. கடைசிப் பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் முழுப் பக்கத்துக்கு இருந்தது.

2003-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைரில் ஜீன் ராபின்சன் பேராயரானார். ஓர் ஆணோடு வெளிப்படையாக வாழ்ந்துகொண்டிருந்தவர். அதிலிருந்து ஆங்கிலிக்கன் உலகம் கிழிய ஆரம்பித்து, 2008-இல் எருசலேமில் பழமைவாத ஆங்கிலிக்கன்களின் காஃப்கான் மாநாடு கூடி, இன்றைக்கு வரை தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2009 ஆகஸ்டில் மினியாபொலிஸில் அமெரிக்க லுத்தரன்கள் கூடினார்கள். பாலியல் பற்றிய அறிக்கைக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். விழுந்தது 676-க்கு 338. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு ஓட்டு மாறியிருந்தால் தோற்றிருக்கும். அன்றைக்குச் சுழற்காற்று அடித்து எதிரே இருந்த லுத்தரன் ஆலயத்தின் கோபுரமும் சேதமானது. இதைச் சொன்னதும் என் பக்கத்திலிருந்த பட்டுக்கோட்டை அண்ணன் எழுந்து, "ஐயா, ஆண்டவரே எதிர்த்து ஓட்டுப் போட்டுட்டார்" என்றார். பெரியவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "2018-ல கஜா புயல் வந்தப்ப உங்க ஊர் தென்னை எல்லாம் சாஞ்சுச்சே, அது எந்தத் தீர்மானத்துக்கு?" என்றார். அண்ணன் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அந்த மாநாட்டிலேயே இரண்டு நாள் கழித்து, இணைவாழ்வில் இருப்பவரும் ஆயராகலாம் என்று 559-க்கு 451 என்று முடிவானது.

மெதடிஸ்டு கதை எனக்குப் புதிது. 1972-லேயே அமெரிக்காவின் யுனைடெட் மெதடிஸ்டுகள் இது கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று சட்டப்புத்தகத்தில் எழுதினார்கள். 2019-இல் செயின்ட் லூயிஸில் 438-க்கு 384 என்று தடையை இறுக்கினார்கள். 2024-இல் சார்லட்டில் 692-க்கு 51 என்று குருப்பட்டத் தடையை எடுத்தே போட்டார்கள், சபையில் ஒரு விவாதம்கூட இல்லாமல். ஐந்து வருஷத்தில் மனம் அப்படியா மாறியது? இல்லை, நடுவில் அமெரிக்காவில் மட்டும் 7,600-க்கு மேற்பட்ட சபைகள் வெளியேறிவிட்டன. எதிர்ப்பவர்கள் எழுந்துபோன பிறகு வருகிற ஏகமனதைப் பார்த்துக் கைதட்டவும் எனக்கு வரவில்லை, ஒப்பாரி வைக்கவும் வரவில்லை. நம் சேகரங்களிலும் தேர்தல் முடிந்து தோற்ற அணி வேறு ஆலயத்துக்குப் போய்விட்டால் அடுத்த வருஷம் எல்லாமே ஏகமனதுதான்.

லுத்தரன்களுக்காக ஸ்வீடன் கதையும் சொன்னார். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921-இல் முதல் பேராயராக வந்தவர் ஹெய்மன் என்கிற ஸ்வீடன்காரர், 1956 வரை அந்தப் பீடத்தில் இந்தியரே உட்காரவில்லை, முதலில் உட்கார்ந்தவர் ராஜா மாணிக்கம். நமக்குப் பேராயர்களை அனுப்பிய அதே ஸ்வீடன் சபையில்தான் 2009-இல் எவா ப்ரூனே, ஒரு பெண்ணோடு பதிவு செய்துகொண்டு வாழ்பவர், ஸ்டாக்ஹோம் பேராயரானார். எத்தியோப்பியாவின் மெக்கானே யேசுஸ் சபை 2013-இல் ஸ்வீடனோடும் அமெரிக்க லுத்தரன்களோடும் உறவையே முறித்துக்கொண்டது. பட்டுக்கோட்டைக்காரர்கள் இதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ரோமன் கத்தோலிக்கப் பக்கத்தை அவசரமாகக் கடந்தார், நேரமாகிவிட்டது. ஆனால் அதில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. லாம்பெத் தடுத்தது இணைவாழ்வை. ரோமாபுரி 2005-இல் விட்ட அறிவுறுத்தலோ, ஆழமான தன்பாலீர்ப்பு நாட்டம் உள்ளவர்களைக் குருமடத்திலேயே சேர்க்கக் கூடாது என்கிறது. ஒருவன் என்ன செய்கிறான் என்பது ஒரு கேள்வி, அவன் எப்படி இருக்கிறான் என்பது வேறு கேள்வி. நம் ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள், அந்தக் குழப்பத்தில்தான் பாதிச் சண்டை. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகச் சொன்னதற்காகவே பெரியவருக்கு முழு மதிப்பெண்.

சனி காலை வேத ஆராய்ச்சி. நடத்தியவர் இளம் ஆயர், வேகம் அதிகம். லேவியராகமம் 18, ரோமர் 1, 1 கொரிந்தியர் 6 என்று, தன்பாலுறவைக் கண்டிக்க எடுக்கிற வசனங்கள், எல்லோருக்கும் தெரிந்த பாதை. அவர் திறமையைக் காட்டியது இரண்டு இடத்தில். ஒன்று, உபாகமம் 23-இல் அண்ணகர் (விதையடிக்கப்பட்டவர்) கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது, ஏசாயா 56-இல் அதே அண்ணகருக்குக் குமாரர் குமாரத்திகளைவிட நல்ல பெயர் வாக்குத்தத்தம், அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவிடம் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுகிறான். வேதமே தன் வாசலை அகலப்படுத்திக்கொண்டு போவதைப் பாருங்கள் என்றார். அதோடு விடாமல் எதிர்வாதத்தையும் அவரே வைத்தார்: அண்ணகன் விஷயம் சரீர நிலை, இது நடத்தை, மேலும் மத்தேயு 19-இல் இயேசு விவாகத்தைப் பேசும்போது ஆதியாகமத்துக்குத்தான் திரும்புகிறார், ஆணும் பெண்ணுமாக. எந்தப் பக்கத்தையும் இளக்காரம் செய்யவில்லை.

இரண்டாவது இடம் மத்தியானம். அதற்கு முன் சாப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். சமையல் கோட்டையூர் ஆச்சி ஒருவர் கைப்பக்குவம். காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும், இட்லிக்குக் கத்திரிக்காய் கோசமல்லி. மதியம் இரண்டாங்கட்டில் பந்தி, வாழை இலை, உப்புக்கறி, நண்டு ரசம், மண்டி, கடைசியில் கவுனி அரிசி. உப்புக்கறியில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் கறியோடு சுருண்டு, எண்ணெய் பிரிந்து, தண்ணீர் என்று ஒன்று ஊற்றிய அடையாளமே இல்லை. சைவக்காரர்களுக்குத் தனி வரிசை போட்டிருந்தார்கள். காரைக்குடியில் இதைவிட அதிக விலைக்கு இதில் கால்வாசி ருசிகூட இல்லாமல் சாப்பிட்டிருக்கிறேன்.

இப்படிச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்களிடம் ஆயர் எசேக்கியேல் 16:49-ஐ எடுத்து வாசிக்கச் சொன்னார். தன்பாலுறவுக்காகவே அழிந்தது என்று நாம் சொல்லிவருகிற சோதோம் பட்டணத்தின் அக்கிரமம் என்னவென்று தீர்க்கதரிசி அங்கே பட்டியல் போடுகிறார்: கர்வம், தின்று கொழுத்த செழிப்பு, கவலையில்லாத சொகுசு, எளியவனைக் கைதூக்கி விடாதது. அடுத்த வசனத்தில் அருவருப்பும் வருகிறது, அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் முதல் வசனத்தை நம் பிரசங்கங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? என் முன்வரிசையில் ஒருவர் மெதுவாக இடுப்பு வேட்டியைத் தளர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

சனி சாயங்காலம் பட்டிமன்ற பாணியில் இரண்டு பேச்சாளர்கள். இங்கேதான் காசு வீண். ஒருவர் எழுந்து, இது மேல்நாட்டுச் சரக்கு, நம் கலாச்சாரத்தில் இல்லை என்று முக்கால் மணி நேரம். ஐயா, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவே 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், நாம் ஞாயிற்றுக்கிழமை நிற்கிற ஆராதனை முறை அங்கிருந்து வந்தது, நீங்கள் போட்டிருக்கிற அங்கியும் அங்கிருந்து வந்தது. எங்கிருந்து வந்தது என்பதை வைத்து எதையும் தள்ளுவதானால் ஆலயத்தையே பூட்ட வேண்டும். அடுத்தவர் எழுந்து, குருத்துவம் எல்லோருக்கும் உரிமை என்றார். அதுவும் எனக்குச் சரிப்படவில்லை. குருத்துவம் யாருக்கும் உரிமை இல்லை. அழைப்பு என்று ஒருவன் சொல்கிறான், சபை அதைச் சோதித்து ஒத்துக்கொள்கிறது. என் அண்ணன் மகனுக்கும் உரிமை கிடையாது, பேராயரின் மகனுக்கும் கிடையாது (இதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்). 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 377-ஐத் தளர்த்தியது குடிமக்களுக்கான உரிமை, அது நியாயம், அதை எடுத்துவந்து பலிபீடத்தில் வைத்தால் பொருந்தாது.

பெண்கள் குருத்துவத்தையும் இழுத்தார்கள், அன்று அதையும் இப்படித்தான் எதிர்த்தீர்கள், இன்று 2013-இலேயே புஷ்பலலிதா நந்தியால் பேராயர் ஆகிவிட்டாரே என்று. பெண் ஆயர் கையால் அப்பம் வாங்க மாட்டேன் என்று வரிசை மாறிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன், அந்த வலி தெரியும். ஆனாலும் இரண்டும் ஒரே வழக்கு இல்லை. அங்கே கேள்வி ஆளைப் பற்றியது, இங்கே விவாகத்தைப் பற்றியதும் சேர்ந்து வருகிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஜெயிக்க முடியாது, தனித்தனியாகத்தான் வாதாட வேண்டும்.

கேள்வி நேரத்தில்தான் உண்மையான வகுப்பு நடந்தது, நடத்தியவர் பேச்சாளர் இல்லை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருந்த வயதான ஆயரம்மா (ஆயரின் மனைவி) ஒருவர், கணவர் காலமாகிவிட்டவர், மைக் வேண்டாமென்று எழுந்து நின்று கேட்டார்: "ஐயா, பட்டம் வாங்குறதுக்கு முந்தியே பையனுக்குப் பொண்ணு பாருங்கன்னு கமிட்டியே நெருக்குது. அவன் மனசுல என்ன இருக்குன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. சரி. கட்டிக்கிற பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

பேச்சாளர் "ரொம்ப நல்ல கேள்வி" என்றார், தேநீர் இடைவேளை அறிவித்தார்கள். இதற்குத்தான் காசைத் திருப்பிக் கேட்கிறேன்.

ஏனென்றால் நம் ஊரில் முழு விவகாரமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. லாம்பெத், மினியாபொலிஸ், சார்லட் எல்லாம் தெரிந்துகொள்ள நல்லது. ஆனால் நம் சேகரத்துக்குப் புது ஆயர் வருகிறார் என்றால் கமிட்டி முதலில் விசாரிப்பது என்ன? "அம்மா பாடுவாங்களா? ஓய்வுநாள் பள்ளி எடுப்பாங்களா?" சம்பளம் ஒருவருக்கு, வேலை இருவருக்கு. கல்யாணமாகாத ஆயர் வந்தால் மூன்றாம் மாதமே யார் வீட்டிலாவது ஜாதகம் மட்டும்தான் குறைவு, மற்றபடி பெண் ரெடி. தன் ஈர்ப்பு வேறு என்று தெரிந்த ஒரு பையன், தனியாகவே ஒழுக்கமாக வாழ்ந்து ஊழியம் செய்கிறேன் என்று சொன்னாலும் விடமாட்டோம். கட்டி வைத்துவிடுவோம். மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்போம். ஆட்சேபணை இருக்கிற ஒரே ஆள் மாப்பிள்ளை, அவன் வாய் திறக்க முடியாது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அந்தப் பெண் நமக்கெல்லாம் ஆயரம்மா. கேக் வெட்ட, பெண்கள் பண்டிகையில் பேச, சிரித்த முகமாக நிற்க. அவள் எதைச் சுமக்கிறாள் என்று எந்த சினாடும் (திருச்சபைப் பேரவையும்) ஓட்டெடுக்கவில்லை.

என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் கேட்பீர்கள். விவாகம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் என்று நம் ஆராதனை முறையில் இருப்பதையே நான் நம்புகிறேன், 2023-இல் இங்கிலாந்து சபை கொண்டுவந்த ஆசீர்வாத ஜெபங்கள் என்னைச் சம்மதிக்க வைக்கவில்லை. ஆனால் ஈர்ப்பை மட்டும் காரணம் காட்டி ஒருவனுக்குக் குருப்பட்டத்தை மறுப்பது அநியாயம். அவனை ஒரு பெண்ணின் பின்னால் ஒளித்துவைத்து, வேதத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்வது அதைவிட அநியாயம். சபைத் தலைவனின் தகுதிகளைச் சொல்கிற 1 தீமோத்தேயு 3-ஐ நீட்டுகிறோமே, அதில் பண ஆசை இல்லாதவன், சண்டைக்காரன் அல்லாதவன் என்றும் இருக்கிறது. அந்த வரிக்குத் திருமண்டல (பேராயரின் ஆட்சிப் பகுதி) தேர்தல் நேரத்தில் யாரும் பட்டறை நடத்துவதில்லை.

பட்டறையில் விடுபட்ட இன்னொன்று, நம் வீட்டு வாசலிலேயே இருப்பது. சேர்ந்து வாழ மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இதில் புரிதல் போதாது என்று ஆலோசகரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு, பிறகு உத்தரவு எழுதினார். இவர்களை மருத்துவத்தால் 'மாற்றுகிறேன்' என்று கிளம்புவதைத் தடை செய்ததும் அந்த உத்தரவுதான். 'ஜெபித்துச் சரிபண்ணிவிடலாம்' என்று பிள்ளைகளை உபவாசக் கூட்டத்துக்கு இழுத்துப்போகும் பெற்றோர் நம் சபைகளில் இருக்கிறார்கள். அமெரிக்க ஓட்டுக் கணக்குக்கு ஒதுக்கிய நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

மற்ற குறைகள். கேமரா. யாரையும் கேட்காமல் கூட்டத்தைப் படம் பிடித்தார்கள். இந்தத் தலைப்பில் உட்கார்ந்திருக்கிற ஒருவன் முகம் யூடியூபில் வந்தால் அவன் ஊரில் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டாமா? நான் போய்ச் சொன்ன பிறகு மேடைப் பக்கம் திருப்பினார்கள், அதுவரை எடுத்ததை அழித்தார்களா என்று கேட்டதற்குத் தலையாட்டல்தான் பதில். ரசீது கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. கழிப்பறை பின்கட்டில், ராத்திரி டார்ச் வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கீழ் அறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாடிப்படி செங்குத்து. ரத்து செய்தால் பணம் வராது.

சேகரக் கமிட்டியில் இருப்பவர்களும், பையனை இறையியல் கல்லூரிக்கு அனுப்ப நினைக்கிற பெற்றோரும் கட்டாயம் போகலாம். ஒரே பதிலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குச் சாப்பாடு மட்டுமே மிஞ்சும். வெள்ளி இரவு வகுப்பைத் தவறவிடாதீர்கள், சனி சாயங்காலம் வேண்டுமானால் ஆத்தங்குடிக்குப் போய்க் கல் வார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கேள்வி நேரத்துக்குத் திரும்பி வாருங்கள்.

கருத்துப் படிவத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த தடவை பட்டிமன்றத்தை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் நாலைந்து ஆயரம்மாக்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள், கேமரா இல்லாமல், கணவர்மாரும் பேராயரும் இல்லாமல். அப்படி ஒன்று வைத்தால் இன்னொரு 1,500 கட்ட நான் தயார், உப்புக்கறி இல்லாவிட்டாலும்.